பாறையில் நீராடும் யானைகள்



பதுளை நகருக்கு வருவோர் பலர் துன்ஹிந்த அருவியைக் காணச் செல்வர். முத்தியங்கண விகாரையை வணங்கி மீள்வர். நகரிலுள்ள பழைய மாற்கு ஆலயத்தின் முன் நின்று அதன் வரலாற்றை வினவுவோர் மிகச் சிலரே. அவ்வாலயம் மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ் என்பவரின் நினைவாக எழுப்பப்பட்டது. அவர் பதுளையில் உதவி அரசாங்க அதிபராகவும் நீதிபதியாகவும் கடமையாற்றியவர். 1845ஆம் ஆண்டு ஜூன் மாதம் 7ஆம் திகதி அப்புத்தளையில் இடி தாக்கி மாண்டவர். மலைநாட்டில் நல்ல பாதைகளை அமைத்தவர் என்று அவர் காலத்து ஆங்கிலேயர் அவரைப் புகழ்ந்தனர். ஆயினும், அவருடைய பெயரை இன்றும் பலர் நினைவிற் கொண்டிருப்பதற்குக் காரணம் பாதைகள் அல்ல. அவர் தமது துப்பாக்கியால் வீழ்த்திய யானைகளின் தொகை 1,400க்கும் மேற்பட்டது என்பதே காரணம்.

அக்காலத்தில் யானையைக் கொல்வது குற்றமாகக் கருதப்படவில்லை. அரசாங்கமே அதற்குச் சன்மானம் வழங்கியது. 1848ஆம் ஆண்டுக்கு முந்திய மூன்றாண்டுகளுக்கும் குறைந்த காலத்தில் வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500க்கும் மேற்பட்ட யானைகள் கொல்லப்பட்டன என்று சேர் எமர்சன் டெனன்ட் எழுதியுள்ளார். மலைகளிலோ காடு அழிந்து கோப்பியாயிற்று; 1869இல் தோன்றிய இலைநோயினால் கோப்பி அழிந்து தேயிலையாயிற்று. இன்று அப்புத்தளையிலும் பண்டாரவளையிலும் பசறையிலும் வாழும் தோட்டத்துப் பிள்ளை யானையைக் காண வேண்டுமாயின் மலையிறங்கி வெல்லவாய, புத்தல ஆகிய தாழ்நிலங்களுக்குச் செல்ல வேண்டும். அல்லது நாட்காட்டிப் படத்தில் பார்க்க வேண்டும்.

ரொஜர்ஸ் யானையை அறியாதவர் அல்லர். எங்கே குறி வைத்தால் அது ஒரே வெடியில் விழும் என்பதை அறிந்தவர் அதன் தலையோட்டின் அமைப்பையே அறிந்தவராவார். அதே தலையை, அதே நெற்றி மேட்டை, அதே துதிக்கையை, அவருக்கு ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னர் வேறொருவன் உற்று நோக்கினான். அவன் கையில் இருந்தது உளி. அவனுடைய பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. அவனுக்கு ஆலயமும் இல்லை. அவனைப் பற்றியும், அவனைப் போன்று இயற்கையைக் கண்ணாற் கற்றுக் கல்லிலே வடித்தவர்களைப் பற்றியுமே இன்று பேச எண்ணுகிறேன்.

அநுராதபுரத்தில் திசாவாவிக்கு அருகில் இசுருமுனிய என்னும் விகாரை உண்டு. அங்கே ஒரு பெரும் பாறை குளத்து நீரிலிருந்து எழுந்து நிற்கிறது. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே அப்பாறையின் முகத்தில் யானைகள் செதுக்கப்பட்டுள்ளன. யானைகளின் முழு உருவம் அங்கில்லை. தலையும் துதிக்கையும் முன்னங்கால்களும் பாறையிலிருந்து புடைத்து நிற்கின்றன. பின்னுடல் பாறைக்குள்ளேயே மறைந்து போகிறது. குளத்தில் நீர் நிறைந்திருக்கும் காலத்தில் பார்க்க வேண்டும். யானைகள் நீரில் இறங்கி விளையாடுகின்றனவோ, நீராடி முடித்துப் பாறையிடுக்கால் வெளியேறுகின்றனவோ என்று கண் மயங்கும். குளத்தையும் சிற்பத்தின் ஒரு பகுதியாக்கிக் கொண்ட அந்தச் சிற்பியின் துணிவை எண்ணியெண்ணி வியக்கலாம்.

தோலின் ஒவ்வொரு சுருக்கத்தையும் அவன் காட்டவில்லை. காட்ட முற்பட்டிருந்தால் கல் தோற்றிருக்கும். யானையின் நெற்றியில் இரு மேடுகளும் அவற்றிடையே ஒரு பள்ளமும் உண்டு. காது கழுத்தோடு சேருமிடத்தில் ஒரு மடிப்பு உண்டு. துதிக்கை அடியிற் பருத்து நுனியிற் சிறுத்து வளையும்போது அதன் உட்புறம் சற்றே தட்டையாகும். இவற்றை மட்டுமே அவன் தேர்ந்து கொண்டான். எஞ்சியதைப் பார்ப்பவர் கண்ணே நிறைத்துக் கொள்கிறது. உண்மைத்தோற்றம் என்று நாம் கூறுவது இவ்வாறு தெரிந்தெடுத்தலினால் வருவது என்பதை இந்த ஒரு பாறையிலிருந்தே கற்றுக் கொள்ளலாம்.

இந்த யானைகள் பல்லவப் பாணியைச் சார்ந்தவை என்பது அறிஞர் பலரின் துணிபு. அவர்கள் இவ்வாறு கருதுவதற்கு ஒரு வரலாறு துணை நிற்கிறது. ஏழாம் நூற்றாண்டில் மானவர்மன் என்னும் சிங்கள இளவரசன் அரசுரிமை இழந்து காஞ்சிபுரத்துக்குச் சென்று நரசிம்மவர்மப் பல்லவனிடம் அடைக்கலம் புகுந்தான். மாமல்லன் எனப் புகழ் பெற்ற அப்பல்லவனுக்காகச் சாளுக்கியரோடு போரிட்டான். பல்லவன் கொடுத்த படையோடு இலங்கைக்கு வந்து முதன்முறை தோற்றான்; மீண்டும் சென்று நெடுங்காலம் காத்திருந்து, மறுமுறை வந்து வென்று, 684ஆம் ஆண்டளவில் அநுராதபுரத்து அரியணை ஏறினான். இச்செய்தியைக் கூறும் சூளவம்சம் ஓர் இளநீர்க் கதையையும் சொல்கிறது. ஒருநாள் யானைமேற் சென்ற பல்லவன், தான் பருகிய இளநீரில் எஞ்சியதை மானவர்மனிடம் கொடுத்துவிட்டான். நண்பனின் எச்சில் இழிவன்று என்று எண்ணி மானவர்மன் அதைப் பருகினான். அதைக் கண்ட பல்லவன், அவன் பருகி எஞ்சியதைத் தானும் வாங்கிப் பருகினானாம். ஒரே இளநீரை இருவர் பகிர்ந்த காலத்திற் சிற்பிகளின் உளிகளும் கடல் கடந்திருக்கும் என்று கருதுவதில் வியப்பில்லை.

மாமல்லபுரத்துக்குச் சென்றவர்கள் அங்குள்ள பெரும் பாறைச் சிற்பத்தைக் கண்டிருப்பார்கள். அருச்சுனன் தவம் என்பர் சிலர். பகீரதன் தவம் என்பர் வேறு சிலர். ஏறத்தாழ 90 அடி அகலமுள்ள அப்பாறையின் நடுவே ஒரு பிளவு இருக்கிறது. அதன் வழியே மேலிருந்து நீர் வழிந்தோடுமாறு அமைத்திருந்தனர். அந்த நீரை நோக்கித் தேவரும் முனிவரும் விலங்குகளும் விரைந்து வருகின்றனர். இங்கும் யானைகள் உள்ளன. இவை முழு உருவிலானவை. பெரிய களிறு முன்னே நிற்க, அதன் கால்களுக்கிடையே குட்டிகள் ஒதுங்கி நிற்கின்றன. அப்பெரிய விலங்கின் அமைதியைச் சிற்பி எங்ஙனம் கண்டான்? குட்டியை மிதியாமல் நிற்கும் பக்குவம் அதன் கால்களில் தெரிகிறதே!

அதே பாறையில் ஒரு மான் பின்னங்காலைத் தூக்கி முகத்தைச் சொறிந்து கொள்கிறது. ஒரு பூனை ஒற்றைக் காலில் நின்று தவஞ் செய்ய, எலிகள் அதைச் சூழ்ந்து வணங்குகின்றன. பூனையின் பொய்த்தவத்தைக் கண்டு சிரியாத பிள்ளையை நான் இதுவரை கண்டதில்லை. அருகிலே கிருஷ்ண மண்டபத்தில் ஒருவன் பால் கறக்கிறான். பசு திரும்பித் தன் கன்றை நக்குகிறது. மாடு வளர்க்கும் நம் தோட்டத்து மக்கள் எவரும் இச்சிற்பத்தின் முன் விளக்கம் கேட்கமாட்டார்கள். பால் கறக்கும் வேளையிற் பசுவின் கழுத்து எங்ஙனம் வளையும் என்பதை அவர்கள் தினந்தோறும் காண்கிறார்கள்.

பல்லவர் யானையைக் கண்டு சிற்பம் மட்டுமா செய்தனர்? சகாதேவன் இரதம் எனப்படும் கற்றளிக்கு அருகில், ஒரே கல்லிலான பெரிய யானை ஒன்று நிற்கிறது. அதன் பின்புறத்தையும் இரதத்தின் பின்புறத்தையும் சேர்த்து நோக்கினால் இரண்டும் ஒரே வளைவாக இருக்கும். அவ்வகைக் கட்டடத்துக்குத் தூங்கானை மாடம் என்று பெயர். உறங்கும் யானையின் முதுகே கூரையாயிற்று! பெயர் வைத்தவனும் யானையைக் கூர்ந்து பார்த்தவனே.

இவ்விடத்தில் ஒரு கேள்வி எழும். விலங்குகளை இவ்வளவு உயிர்ப்போடு வடித்த சிற்பி, மனித உருவையும் தெய்வ உருவையும் மட்டும் ஏன் இயற்கைக்கு வேறாக அமைத்தான்? நரம்பும் எலும்பும் தெரியாத வழவழப்பான கைகள், ஆடையும் உடலும் ஒன்றாகித் தோன்றும் மார்பு, மிகச் சிறுத்த இடை, இவையெல்லாம் உடலமைப்பை அறியாமையாற் செய்தவை என்று ஐரோப்பியர் ஒருகாலத்தில் எழுதினர். அக்கருத்தை வலிமையோடு மறுத்தவர் நம் நாட்டவரான கலாயோகி ஆனந்த குமாரசுவாமி.

1877இல் கொழும்பிற் பிறந்தவர் அவர். தந்தையார் சேர் முத்து குமாரசுவாமி. தாயார் ஆங்கிலப் பெண்மணி. கனிப்பொருள் ஆய்வுக்காக இலங்கையின் கற்களைத் தேடி மலையும் காடும் அலைந்தவர், அக்கற்களை விட்டுவிட்டு அவற்றிலிருந்த கலையைக் கண்டு மயங்கினார். 1908இல் மத்தியகாலச் சிங்களக் கலையைப் பற்றிய பெருநூலை வெளியிட்டார். கண்டி நாட்டுக் கைவினைஞர்களின் அறிவை முதன்முதல் உலகறிய எழுதியவர் ஒரு தமிழர் என்பதை நம் பிள்ளைகள் அறிதல் வேண்டும். 1914இல் இலங்கையின் வெண்கலத் திருவுருவங்களைப் பற்றி எழுதினார். இந்தியச் சிற்பி புறக்கண்ணாற் கண்டதைப் படியெடுப்பதில்லை, தியானத்திற் கண்டதையே வடிக்கிறான் என்பது அவர் கொள்கையின் சாரம்.

அவர் கூற்று பெரிதும் உண்மை. ஆயினும், முழுவதும் உண்மையெனக் கொள்ள என் மனம் இசையவில்லை. ஏனெனில், தியானத்திற் கண்ட உருவத்துக்கும் உறுப்புக்கள் வேண்டும். அந்த உறுப்புக்களைச் சிற்பி எங்கிருந்து எடுத்தான்?

இவ்வினாவுக்கு விடை சிற்ப மரபிலேயே உண்டு. முகத்தின் நீளத்தை அளவாகக் கொண்டு உடலைப் பகுக்கும் தாலமானத்தை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். உயர்ந்த தெய்வங்களுக்கு உத்தம தசதாலம், அதாவது 124 அங்குலம் என்பது கணக்கு. அளவு இலக்கணத்திலிருந்து வந்தது. வடிவமோ தோட்டத்திலிருந்தும் ஆற்றங்கரையிலிருந்தும் வந்தது. முகம் முட்டை வடிவம், புருவம் வேப்பிலை அல்லது வில், கண் கயல்மீன் அல்லது தாமரை இதழ், மூக்கு எள்ளுப்பூ, உதடு கோவைக்கனி, நாடி மாங்கொட்டை, கழுத்து சங்கு. ஆணின் மார்பும் வயிறும் சேர்ந்த உடல் பசுவின் முகம்: மேலே அகன்று கீழே ஒடுங்குவது. தோள் யானையின் தலை. அதிலிருந்து இறங்கும் கை அதன் துதிக்கை. முன்கை இளவாழைத் தண்டு. தொடை முதிர்ந்த வாழைமரம். முழங்கால் நண்டின் ஓடு. கெண்டைக்கால் சினை நிறைந்த மீன். கெண்டைக்கால் என்ற பெயரே கெண்டை மீனை நினைவூட்டுகிறதன்றோ? அவனீந்திரநாத் தாகூர் 1914ஆம் ஆண்டளவில் இவ்வுவமைகளைப் படங்களோடு விளக்கி எழுதினார். சிற்பி மனிதனைப் பார்த்து மனிதனைச் செய்யவில்லை. இயற்கை முழுவதையும் பார்த்து மனிதனைச் செய்தான்.

வேண்டியபோது எலும்பையும் நரம்பையும் காட்ட அவன் தயங்கவுமில்லை. பொலநறுவையிலே 1907, 1908ஆம் ஆண்டுகளில் தொல்பொருள் ஆணையாளர் பெல் நடத்திய அகழ்வில் நடராசர், சுந்தரமூர்த்தி நாயனார் முதலிய வெண்கலத் திருவுருவங்கள் வெளிப்பட்டன. பொலநறுவையிற் கிடைத்த திருவுருவங்களுள் காரைக்காலம்மையாரும் உண்டு. உமாதேவியாரின் உருவத்தில் ஓர் எலும்பும் தெரியாது. அம்மையாரின் உருவத்திலோ விலாவெலும்புகளை எண்ணலாம். மார்பு வற்றித் தொங்கும். கழுத்து நரம்பு புடைத்து நிற்கும். வெண்கலம் வார்க்கும் முறை இரண்டுக்கும் ஒன்றே. தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவைச் செய்வர். அதன்மேல் நுண்ணிய களிமண்ணைப் பூசி உலர்த்துவர். சூடேற்ற மெழுகு உருகி ஓடிவிடும். அவ்வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை ஊற்றுவர். மண்ணை உடைத்தெடுத்தால் உருவம் வெளிவரும். அதே அச்சில் மற்றொன்றை வார்க்க இயலாது. ஒரே வகை மெழுகில் உமையையும் செய்து அம்மையாரையும் செய்த மரபினருக்கு உடலமைப்புத் தெரியாது என்று கூறுவது பொருந்துமா?

சிற்பம் என்றால் அநுராதபுரத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் போக வேண்டும், நம் ஊவாவில் ஒன்றுமில்லை என்று எண்ணிவிடாதீர்கள். வெல்லவாயவுக்குத் தெற்கே புதுருவகல என்னும் இடத்தில் ஒரே பாறை முகத்தில் ஏழு உருவங்கள் வரிசையாக நிற்கின்றன. நடுவிலுள்ள புத்தர் 51 அடி உயரம். ஒன்பதாம் அல்லது பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்பர். அவற்றுள் பெண் தெய்வமான தாரையும் உண்டு. பூசியிருந்த சுதையின் எச்சமும் வண்ணத்தின் எச்சமும் இன்னும் சில இடங்களில் ஒட்டியிருக்கின்றன. அப்பால் மாலிகாவிலவில் பளிங்குச் சுண்ணக்கல்லினாலான பெருஞ்சிலை ஒன்று, நெடுங்காலம் காட்டில் வீழ்ந்து உடைந்து கிடந்து, 1991இல் மீண்டும் நிமிர்த்தப்பட்டது.

ஆயினும், என் மாணவர்களுக்கு நான் முதலிற் காட்ட விரும்புவது இவற்றையல்ல. பதுளையிலிருந்து பண்டாரவளைக்குச் செல்லும் வீதியோரத்தில் தோவ விகாரை இருக்கிறது. அங்கே ஏறத்தாழ 38 அடி உயரமுள்ள புத்தர் உருவம் பாறையிற் செதுக்கப்பட்டு முற்றுப்பெறாது விடப்பட்டிருக்கிறது. வலகம்பா மன்னன் காலத்தது என்பது செவிவழிக் கதை. முற்றுப்பெற்ற சிலை சிற்பியின் உழைப்பை மறைத்துவிடும். முற்றுப்பெறாத சிலையோ அவன் எங்கே தொடங்கினான், எங்கே உளியை நிறுத்தினான் என்பதைச் சொல்லிக் கொண்டே நிற்கும். முகம் நம்மைப் பார்க்கிறது. கீழே பாறை இன்னும் பாறையாகவே இருக்கிறது. பேருந்திற் செல்வோர் ஒரு நிமிடம் இறங்கி நோக்கினால், நூறு பக்கம் படித்தாலும் கிடையாத பாடம் கிடைக்கும்.

தோட்டத்து மக்கள் இம்மலைக்கு வந்தபோது சிற்பியரைக் கூட்டி வரவில்லை. புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளி, மதுரை, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து வந்தவர்கள், வேளார் வனைந்த மண் குதிரைகள் வரிசையாக நிற்கும் ஐயனார் கோயில்களை ஊரிலேயே விட்டுவிட்டு வந்தனர். மரத்தடியில் ஒரு கல்லை நட்டு, ஒரு சூலத்தை ஊன்றி, மாரியம்மன் என வணங்கினர். அந்தக் கல்லுக்கு முகம் இல்லை. முகமில்லாத கல்லின் முன் மூன்று தலைமுறை அழுதும் சிரித்தும் வாழ்ந்தது. பின்னரே, கையிற் சிறிது பணம் சேர்ந்த காலத்தில், ஸ்தபதிகளை வரவழைத்துக் கோபுரம் எழுப்பினர்.

இன்று அக்கோபுரங்களை அண்ணாந்து பார்க்கும்போது எனக்கு மகிழ்ச்சியும் வருத்தமும் ஒருங்கே தோன்றுகின்றன. சுண்ணாம்புச் சுதையிற் செய்தது போய்ச் சீமெந்திற் செய்கின்றனர், அதனாற் குற்றமில்லை. அதன்மேற் கனமாகப் பூசும் பளபளப்பான எனாமல் வண்ணமே உருவத்தை விழுங்கிவிடுகிறது. கொத்தனார் விரலால் அழுத்தி எடுத்த மயிலின் கழுத்து வளைவும் காளையின் திமிலும் ஒரே நீலத்திலும் ஒரே வெள்ளையிலும் மூழ்கிப் போகின்றன. ஒவ்வொரு குடமுழுக்கிலும் ஒரு பூச்சு ஏறுகிறது. சிற்பம் என்பது ஒளியும் நிழலும் விளையாடும் களம். நிழல் விழ இடமில்லாத சிற்பம் வெறும் படமாகிவிடுகிறது. ஆலய பரிபாலன சபையார் என்மேற் சினங்கொள்ளாதிருக்க வேண்டும்.

தொழிலாளியின் உடலே சிற்பத்துக்கு உரிய பொருளாகலாம் என்பதை நம் காலத்துக்கு அண்மையிற் காட்டியவர் தேவிபிரசாத் ராய் சௌத்ரி. இவர் ஓவியத்தில் அவனீந்திரநாத் தாகூரின் மாணவர். 1929 தொடக்கம் 1957 வரை சென்னைக் கலைப் பள்ளிக்குத் தலைமை தாங்கியவர். சென்னைக் கடற்கரையில் 1959இல் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலை இவருடையதே. நால்வர் ஒரு பெரும் பாறையைப் பெயர்க்கின்றனர். முதுகுத் தசையின் முறுக்கு, ஊன்றிய காலின் பாரம், குனிந்த தலை யாவும் கண்ணாற் கண்டு செய்தவை. ஆசிரியரின் மென்மையான ஓவிய வழியை விட்டு மாணவர் எவ்வளவு தூரம் சென்றுவிட்டார் பாருங்கள்! அச்சிலையைக் கண்டபோது எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. பாறையை உருட்டி, வேரைப் பிடுங்கி, தேயிலைக் கன்று நட்ட நம் பாட்டன்மாரின் முதுகே தோன்றியது.

இறுதியாக என் சொந்த அனுபவமொன்றைக் கூற அனுமதியுங்கள். சில ஆண்டுகளுக்கு முன்னர் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஓடைக்கரைக் களிமண்ணைக் கொடுத்து விரும்பிய விலங்கைச் செய்யுமாறு கூறினோம். பலர் யானையைச் செய்தனர். யாவும் நெற்றிப்பட்டமும் வளைந்த பெருங்கொம்புகளும் உடைய நாட்காட்டி யானைகள். ஒரு சிறுவன் செய்த யானைக்கு மட்டும் கொம்பு இல்லை, முதுகு கூனியிருந்தது, ஒரு காது சற்றே கிழிந்திருந்தது. நான் அதைக் கையிலெடுத்து, "தம்பி, கொம்பை மறந்து விட்டாயே, யானையை நீ பார்த்ததே இல்லையா?" என்றேன். பிள்ளைகள் சிரித்தனர்.

அவன் தலையைக் குனிந்து கொண்டு, "பார்த்தேன் சேர். வெல்லவாயவில மாமா வீட்டுக்குப் போனப்போ பார்த்தேன். அதுக்குக் கொம்பு இல்ல" என்றான்.

வகுப்பறையில் வெட்கி நின்றவன் நானே. இலங்கையின் ஆண் யானைகளிற் பத்தில் ஒன்றுக்குக்கூடத் தந்தம் கிடையாது என்பதை நான் நூலிற் படித்திருக்கிறேன். சிங்கள மொழியில் கொம்பில்லாததை அலியா என்றும் கொம்புடையதை ஏத்தா என்றும் வேறு வேறு பெயரால் அழைப்பதையும் நாள்தோறும் கேட்கிறேன். படித்ததும் கேட்டதும் என் கண்ணைத் திறக்கவில்லை. 2011ஆம் ஆண்டு இந்நாட்டில் எடுத்த கணக்கெடுப்பில் 5,879 யானைகள் எண்ணப்பட்டன. அவற்றுள் ஒன்றை அந்தச் சிறுவன் உண்மையாகவே பார்த்திருந்தான். யானை பழக்குவோர், முன்னங்காற் சுவட்டின் சுற்றளவை இருமடங்காக்கினால் யானையின் உயரம் வரும் என்பர். அவன் செய்த மண் யானையை நூல் கொண்டு அளந்து பார்த்தேன். பெரிதும் தவறியிருக்கவில்லை.

அவ்வாண்டே பிள்ளைகளை அநுராதபுரத்துக்கு அழைத்துச் சென்றோம். இசுருமுனியக் குளத்தின் கரையில் நின்றபோது ஒரு சிறுமி, "யானைக்குப் பின்னங்கால் எங்கே சேர்?" என்று என்னைக் கேட்டாள். பாறையைப் பற்றியும் பல்லவரைப் பற்றியும் விரிவாக விடை கூற நான் தொண்டையைச் செருமினேன். அதற்குள் அச்சிறுவன் முந்திக் கொண்டான்:

"தண்ணிக்குள்ள."